வாதிட ஒருவன் வேண்டும்

தேநீர்க் கடைப் பலகையில் நால்வர் அமர்ந்து ஒரு வழக்கைத் தொடங்கிவிட்டால், அதனைத் தீர்த்துவைக்க உலகில் எந்த நீதிமன்றமும் கிடையாது. நிலத் தகராறு என்றால் அளந்து பார்க்கலாம். கடன் தகராறு என்றால் கணக்கைப் புரட்டிப் பார்க்கலாம். ‘உன் பாடகன் பெரியவனா, என் பாடகன் பெரியவனா’ என்று எழுகின்ற வழக்குக்கோ அளவுகோலும் இல்லை, கணக்கேடும் இல்லை. ஆயினும், மனிதர்க்கு அவ்வழக்கைப்போல் இனிப்பானது வேறொன்றில்லை. வேலை முடிந்து களைத்து வந்தவனும், மறுநாள் வாடகைக்கு வழி தெரியாதவனும் அந்தப் பலகையில் அமர்ந்து குரலை உயர்த்தும்போது, ஒரு மணி நேரமாவது தன் துன்பத்தை மறந்திருக்கிறான்.

அத்தகைய பலகை ஒன்று கம்போங் மேடானில் இருந்தது. பெட்டாலிங் ஜெயாவின் தென்புறத்தில், பழைய கிள்ளான் சாலையிலிருந்து வெகு தொலைவில் இல்லாத குடியிருப்பு அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புக்கென விற்கப்பட்டும் போனபின், பால்மரத்தை விட்டுப் பட்டணத்தை நாடிய தமிழர் பலர் அங்கும் அதன் அக்கம்பக்கத்திலும் பலகை வீடு கட்டிக்கொண்டு குடியேறினர். கிராமங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த மலாய்க்காரர்களும் அவ்வாறே குடியேறினர். தகரக் கூரைக்குத் தகரக் கூரை கைநீட்டித் தொடும் அளவில் நின்றன. ஒரு வீட்டு வானொலியை நான்கு வீட்டார் கேட்டனர். ஒரு வீட்டுச் சண்டையையும் நான்கு வீட்டார் கேட்டனர். மழை பெய்தால் வெள்ளம் எல்லார் வாசலிலும் பாரபட்சமின்றி ஏறியது.

அந்தக் கம்பத்தில் ஒரு குடும்பம். தந்தை தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பட்டணம் வந்து தொழிற்சாலைக் காவலாளியானவர். அவருக்கு எம்.ஜி.ஆர். என்றால் உயிர். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாள்களில், லயமே இரண்டாகப் பிரிந்து நின்ற கதையை அவர் சொல்லிச் சொல்லி மாளாதவர். ஒரு பாதி எம்.ஜி.ஆர். கட்சி; மறுபாதி சிவாஜி கட்சி. அடுத்த வீட்டு நண்பர் சிவாஜி கட்சியின் அசைக்க முடியாத தூண். ‘நடிப்பென்றால் பராசக்தியில் அல்லவா பார்க்க வேண்டும்’ என்று அவர் தொடங்குவார். ‘அழுது காட்டுவதா நடிப்பு? ஏழையை நிமிர்ந்து நிற்கச் செய்வதல்லவா நடிப்பு’ என்று இவர் மறுப்பார். இருவரும் தோட்டத்தை விட்டு ஒன்றாகவே கம்போங் மேடானுக்கு வந்தனர். வழக்கையும் மூட்டை முடிச்சுகளோடு கட்டி எடுத்து வந்தனர்.

இவ்வழக்கு அவர்களோடு தோன்றியதுமன்று. அவர்களுடைய தந்தையர் காலத்தில் தியாகராச பாகவதருக்கும் பி.யு. சின்னப்பாவுக்குமாக இரசிகர்கள் பிரிந்து நின்றனர். 1944-இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பதைப் பாகவதர் கட்சியினர் வெற்றிக் கொடியாகவே பிடித்திருந்தனர். கடல் கடந்து ஆங்கில நாட்டிலும் இதே கதைதான். லிவர்பூல் நகரத்துப் பீட்டில்ஸ் குழுவினரா, இலண்டன் நகரத்து ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரா என்று 1960-களில் எழுந்த வழக்கு, பீட்டில்ஸ் குழுவினர் 1970-இல் பிரிந்த பின்னரும் ஓயவில்லை. இரசிகர்கள் இவ்வாறு மோதிக்கொண்டிருக்க, 1963-இல் லெனனும் மெக்கார்ட்னியும் தாங்கள் இயற்றிய பாடல் ஒன்றை ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர்க்குக் கொடுத்து உதவினர். தலைவர்கள் கைகுலுக்கிக்கொள்ள, தொண்டர்கள் மல்லுக்கு நிற்பது எங்கும் உள்ள வழக்கம் போலும்.

காவலாளியின் மகனுக்கு வாய்த்த வழக்கு வேறு. அவன் தலையெடுத்த காலம் 1980-களின் பிற்பகுதி. நாடெங்கும் மலாய் ராக் இசை கொடிகட்டிப் பறந்தது. நீண்ட தலைமுடியும், இறுகப் பிடித்த காற்சட்டையும், கையில் ஒலிநாடாவுமாகத் திரிந்த இளைஞரை ‘மாட் ராக்’ என்று ஊரார் அழைத்தனர். அந்த இசை வானில் இரண்டு ஞாயிறுகள். ஒன்று, ஜொகூர் பாருவில் 1981-இல் தோன்றிய ‘சர்ச்’ குழு. அதன் குரல் ஏமி. மற்றொன்று, அதற்குச் சில ஆண்டுகள் கழித்துக் கோலாலம்பூரில் எழுந்த ‘விங்ஸ்’ குழு; அதன் குரல் அவி. சர்ச் 1985-இல் தன் முதல் இசைத் தொகுப்பை வெளியிட்டது. விங்ஸ் 1988-இல் ‘ஹுக்கும் கர்மா’ தொகுப்பைக் கொண்டுவந்தது. 1989-இல் சர்ச் வெளியிட்ட ‘ஃபெனோமெனா’ தொகுப்பில் இருந்த ‘இசபெல்லா’ என்னும் பாடல் மலேசியாவைத் தாண்டி இந்தோனேசியாவையும் ஆட்கொண்டது. மறு ஆண்டே விங்ஸ் ‘தியோரி டோமினோ’வுடன் வந்து நின்றது. ஒருவர் ஓரடி வைத்தால் மற்றவர் ஈரடி வைத்தார், இரசிகர்க்குக் கொண்டாட்டமாயிற்று.

மகன் சர்ச் கட்சி. ‘சர்ச்’ என்ற பெயரை அவன் வாயில் அடிக்கடி கேட்ட தாய், பிள்ளை மாதா கோவிலுக்குப் போகத் தொடங்கிவிட்டானோ என்று அஞ்சி, பக்கத்து முனீசுவரர் சன்னிதியில் எலுமிச்சம்பழம் வைத்து வேண்டிக்கொண்டாள் என்பது அக்குடும்பத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை. அவனுடைய நண்பன், ஒழுங்கைக்கு அப்பால் குடியிருந்த மலாய் இளைஞன், விங்ஸ் கட்சி. இருவரும் ஒரே தொழிற்சாலையில் இரவு வேலை. ஒரே மோட்டார் சைக்கிளில் போக்குவரத்து. வேலை முடிந்து வந்து மாமாக் கடைப் பலகையில் ஒரே வழக்கு.

‘ஏமி மேலே ஏறும்போது கண்ணாடி அறுக்கும் கத்திபோலக் குரல் நேராகப் போகிறது, உன் அவியால் அங்கே ஏற முடியுமா?’ என்பான் தமிழன். ‘ஏறுவது பெரிதல்ல, இறங்கும்போது நெஞ்சில் தங்க வேண்டும். அவியின் குரலில் எங்கள் கம்பத்துப் பாட்டின் இழைவு இருக்கிறது, மச்சா’ என்பான் மற்றவன். இவன் கித்தாரைப் பேசினால் அவன் பாடல் வரிகளைப் பேசுவான். இவன் இந்தோனேசியாவைக் காட்டினால் அவன் கோலாலம்பூர் நம் சொந்த ஊர் அல்லவா என்பான். ஒரு நாள் மலாய் நண்பன் ஒரு புதிய அம்பை எடுத்து விட்டான். ‘எங்கள் தொகுப்பின் பெயரிலேயே கர்மா இருக்கிறது. அது உங்கள் பேச்சிலும் வழங்கும் சொல்தானே? நியாயமாக நீ எங்கள் பக்கம் வரவேண்டியவன்.’ கடை முழுதும் சிரித்தது. தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த பாய், ‘இந்த வழக்கு தீர்ந்துவிட்டால் என் வியாபாரம் படுத்துவிடும், தீர்த்துவிடாதீர்கள்’ என்றார்.

ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தப் பலகையில் சர்ச் கட்சியில் மலாய்க்காரரும் இருந்தனர். விங்ஸ் கட்சியில் தமிழரும் இருந்தனர். கோடு கிழிக்கப்பட்டிருந்தது உண்மை. ஆனால் அது தோலின் மீதும் கிழிக்கப்படவில்லை, சமயத்தின் மீதும் கிழிக்கப்படவில்லை. செவியின் மீது கிழிக்கப்பட்டிருந்தது. தொடக்க காலத்துச் சர்ச் குழுவிலேயே மலாய் இளைஞர்களோடு ஹிலரி ஆங் என்னும் சீனர் கித்தார் வாசித்தார் என்பது அவ்விளைஞர்க்கு வியப்பாகவே தோன்றவில்லை.

தந்தைக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ‘நம்ம பாட்டு இருக்க, அடுத்தவன் பாட்டுக்கு நீ ஏன்டா அடிச்சிக்கிறே?’ என்று ஒரு நாள் வெடித்தார். 1987 திசம்பர் 24-இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோது மூன்று நாள் சரியாக உண்ணாதவர் அவர். அவ்வாண்டு வெளிவந்த சர்ச் ஒலிநாடாவை அந்தத் துக்க நாள்களில் மகன் கேட்டுக்கொண்டிருந்ததை அவர் மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. மகன் மறுமொழியாக, ‘அலிகேட்ஸ் குழுவில் பாடுகிறவர்கள் யார் அப்பா? பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகள்தானே? லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும் பாடுவது மலாய்ப் பாட்டுத்தானே? நாடே அதை நம் பாட்டு என்கிறதே’ என்றான். தந்தையிடம் அதற்கு விடையில்லை. ஆனால் விடையில்லை என்பதற்காகத் தந்தையர் எவரும் தோற்றுப் போவதில்லை. ‘முதலில் முடியை வெட்டு’ என்று கூறி எழுந்து போனார்.

அந்த முடியையும் காலம் வெட்டியது. 1992-இல், நீண்ட முடி வைத்த ராக் கலைஞர்கள் அரசாங்க வானொலி தொலைக்காட்சியில் தோன்றக்கூடாதென்று தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட் காலத்தில் தடை எழுந்தது. இறுதியில் ஏமியும் கத்தரிக்கோலுக்குத் தலை கொடுத்தார், அவியும் கொடுத்தார். அச்செய்தி வந்த இரவு மாமாக் கடையில் வழக்கு நடைபெறவில்லை. இரு கட்சியினரும் ஒரே பலகையில் துக்கம் காத்தனர். ‘உன் ஆள் முதலில் வெட்டினானா, என் ஆள் முதலில் வெட்டினானா’ என்று கேட்க எவர்க்கும் மனம் வரவில்லை. தந்தை மட்டும் அன்று நிறைவாக உண்டார்.

அக்காலத்திலேயே இரு குழுவினரும் ‘டபுள் டிரபுள்’ என்ற பெயரில் ஒரே மேடையில் சேர்ந்தனர். இதைக் கேட்ட தந்தை முதன்முறையாக மகனுடைய வழக்கில் அக்கறை காட்டினார். ‘எங்க ஆளுங்களும் ஒரு தடவ சேர்ந்தாங்க’ என்றார். 1954-இல் வெளிவந்த ‘கூண்டுக்கிளி’யைத்தான் அவர் குறிப்பிட்டார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இணைந்து நடித்த ஒரே படம் அது; பெருவெற்றி பெறாத படமும் அது. தந்தையும் மகனும் அன்று நெடுநேரம் பேசினர். பேச்சிடையே ஓர் உண்மை வெளிப்பட்டது. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் பின்னின்று பாடிய குரல் ஒரே டி.எம். சௌந்தரராசனுடையது, வரி எழுதியவருள் முதன்மையானவர் ஒரே கண்ணதாசன், மெட்டமைத்தவருள் முதன்மையானவர் ஒரே விசுவநாதன். மகன் கூறினான்: ‘இங்கேயும் அப்படித்தான் அப்பா. இரண்டு குழுவுக்கும் பாட்டமைத்துக் கொடுத்தவர் எம். நாசிர்.’ தந்தை சிறிது நேரம் சிந்தித்துவிட்டு, ‘அப்ப நாம எல்லாரும் ஒருத்தனுக்காகத்தான் அடிச்சிக்கிட்டோமா?’ என்றார்.

இவ்வாறு ஆண்டுகள் சென்றன. பிள்ளைகள் குடும்பத்தர் ஆயினர். ‘ஃபெனோமெனா’ ஒலிநாடாவை மலாய் நண்பன் ஒருமுறை இரவல் வாங்கிப் போனான், திருப்பித் தரவில்லை. ‘விங்ஸ் கட்சிக்காரனுக்கு அது எதற்கு?’ என்று கேட்டால், ‘எதிரியின் ஆயுதத்தை அறிந்துகொள்ள வேண்டாமா?’ என்பான்.

பின்னர் 2001 மார்ச் வந்தது. ஒழுங்கையில் தோன்றிய சிறு பூசல் ஒன்று, கம்போங் மேடானிலும் அதன் சுற்றுப்புறக் குடியிருப்புகளிலும் இனக்கலவரமாக மூண்டது. சில நாள்களுக்குள் ஆறு உயிர்கள் பறிபோயின. அவர்களுள் பெரும்பாலோர் இந்திய வமிசாவளியினர். பலர் வெட்டுக் காயங்களோடு மருத்துவமனைகளில் கிடந்தனர். காவற்படையினர் சாலைகளை மறித்தனர். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லவில்லை. ஆடவர் இரவு வேலைக்குச் செல்லவில்லை. நெருங்கி நின்ற கூரைகள் அன்று முதல் நெருக்கத்துக்காகவே அஞ்சப்பட்டன. நேற்றுவரை வெள்ளத்தையும் வானொலியையும் பகிர்ந்து வாழ்ந்தவர், ஒழுங்கையில் கேட்ட காலடி ஓசை எந்த இனத்தாருடையது என்று மூச்சடக்கிக் கேட்கலாயினர்.

வறுமையும் நெருக்கடியும் நெடுநாள் புறக்கணிப்பும் அந்நெருப்புக்கு விறகாயின என்று அறிந்தோர் கூறினர். அது உண்மையே. ஆனால், விறகைப் பற்றிய விளக்கம் எரிந்துபோன வீட்டுக்காரனைத் தேற்றுவதில்லை.

அமைதி திரும்பியபின் மாமாக் கடையும் திறக்கப்பட்டது. பழைய முகங்களும் ஒவ்வொன்றாக வந்தன. ஆனால், தமிழர் ஒரு மேசையில் அமர்ந்தனர். மலாய்க்காரர் மற்றொரு மேசையில் அமர்ந்தனர். எவரும் எவரையும் ஏசவில்லை. கண்கள் சந்தித்தால் தலையசைப்பு உண்டு. சிலவேளை புன்னகையும் உண்டு. வழக்கு மட்டும் இல்லை. ஒரு மாலை கடை வானொலியில் ‘இசபெல்லா’ ஒலித்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக அப்பாடல் ஒலித்த கணத்தில் விங்ஸ் கட்சியினர் ‘அடைத்து வை’ என்று கூவுவதும், சர்ச் கட்சியினர் மேசையைத் தட்டுவதும் மரபு. அன்று எவரும் கூவவில்லை, எவரும் தட்டவில்லை. பாடல் முழுதும் ஒலித்து முடிந்தது. பாய் குவளைகளைக் கழுவும் ஓசை மட்டும் கேட்டது. ஏச்சுப் பேச்சு இல்லாத அந்த மரியாதைதான் கம்பத்தில் நேர்ந்த இழப்பின் அளவை அவனுக்கு உணர்த்தியது. நம்பிக்கை உள்ள இடத்தில்தான் மனிதன் உரக்க மறுத்துப் பேசுவான். நம்பிக்கை போன இடத்தில் ‘ஆமாம், ஆமாம்’ என்று தலையசைத்துவிட்டு வீட்டுக்கு நடப்பான்.

நான்கு திங்கள் கழிந்தன. சூலை 21-ஆம் நாள் சென்னையில் சிவாஜி கணேசன் மறைந்தார். செய்தி கம்பத்துக்கு எட்டியதும், எம்.ஜி.ஆர். கட்சிக்காரரான தந்தை பெட்டியைத் திறந்து வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து அணிந்தார். ‘எங்கே அப்பா?’ என்றான் மகன். ‘அண்ணன் வீட்டுக்கு’ என்றார். அடுத்த வீட்டுக்குப் போக எவரேனும் சட்டை மாற்றுவதுண்டோ என்று எண்ணியவாறே மகனும் உடன் சென்றான்.

சிவாஜி கட்சியின் பழந்தூண் வாசற்படியில் அமர்ந்திருந்தார். தந்தை அருகில் சென்று, இழவு வீட்டில் கை கொடுப்பதுபோல் அவருடைய கையைப் பற்றிக்கொண்டார்.

‘நம்ம ஆளு போயிட்டாருண்ணே.’

‘உன் ஆளு முன்னாடியே போயிட்டாரு. இப்ப என் ஆளும் போயிட்டாரு. இனிமே நாம எதுக்குத் தம்பி சண்ட போடறது?’

‘அத நிறுத்திடாதீங்கண்ணே. நீங்க இல்லாட்டி எனக்குப் பேச யாரு இருக்கா?’

‘உங்க ஆளு’ என்று நாற்பது ஆண்டு கூறியவர் அன்று ‘நம்ம ஆளு’ என்றதை மகன் கேட்டான். எதிரணித் தலைவனுக்கு வெள்ளைச் சட்டை அணிந்து துக்கம் கேட்கும் பண்பு, எந்தப் பள்ளியிலும் பயிலாத தன் தந்தைக்கு எங்கிருந்து வந்தது என்று அவன் இரவெல்லாம் எண்ணிப் பார்த்தான். விடை எளியது. நாற்பது ஆண்டுகள் அவரோடு வாதிட்டதனாலேயே வந்தது.

மறுநாள் மாலை அவன் ஒழுங்கையைக் கடந்தான். மார்ச்சுக்குப் பிறகு அவன் அவ்வழியே நடந்தது அன்றுதான். நாற்பது அடி தொலைவு. ஆயினும் நெஞ்சு அடித்துக்கொண்டது. சன்னல்கள் சில திறந்தன, சில மூடின. நண்பனின் தாய் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் கை நின்றது. பின், உள்ளே திரும்பி மகனை அழைத்தாள்.

வெளியே வந்த நண்பன் மெலிந்திருந்தான். என்ன கேட்பதென்று இருவர்க்கும் தெரியவில்லை. ‘நலமா’ என்று கேட்டால் அந்த மார்ச்சைப் பற்றிக் கேட்பதாகும். கேளாதிருந்தால் அந்த மார்ச்சை மறைப்பதாகும். ஆதலால் இவன், ‘என் ஒலிநாடாவைத் திருப்பித் தா’ என்றான்.

நண்பன் அவனை உற்று நோக்கினான். உள்ளே சென்றான். அலமாரியிலிருந்து ‘ஃபெனோமெனா’வைக் கொண்டுவந்து நீட்டினான். பெட்டி கீறலின்றித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

‘பலமுறை கேட்டேன்’ என்றான். குரல் இடறியது. ‘எத்தனை முறை கேட்டாலும் அவிதான் பெரியவன், மச்சா.’

‘உனக்குக் காது கெட்டுவிட்டது’ என்றான் இவன்.

தாய் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். இருளும் வரை வாசற்படியில் வழக்கு நடந்தது.

இதனால் கம்போங் மேடானின் காயம் ஆறிவிட்டதென்று கூறுவது பொய்யாகும். அந்தப் பலகையில் அமர்ந்தவருள் சிலர் வேறிடம் குடிபெயர்ந்தனர், திரும்பி வரவேயில்லை. பலியான உயிர்களுக்கு எந்த வாசற்படிப் பேச்சும் ஈடாகாது. இரண்டு நண்பர்கள் மீண்டும் வாதிடத் தொடங்கினர் என்பதொன்றே இங்கே சொல்லத்தக்கது. சிறியது எனினும், அந்த ஆண்டில் அதனினும் அரியதை அவர்கள் இருவரும் கண்டிலர்.

பலகை வீடுகள் இருந்த இடங்களில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அக்கம்பக்கத்து அடுக்ககம் ஒன்றின் பெயர் டேசா மெந்தாரி. மெந்தாரி என்றால் மலாயில் ஞாயிறு. 1987-ஆம் ஆண்டின் சர்ச் தொகுப்பின் பெயரிலும் அச்சொல் இருந்ததைக் காட்டி, ‘எங்கள் கட்சிக்குக் கட்டடமே எழுப்பிவிட்டார்கள்’ என்று தமிழ் நண்பன் இன்றும் வம்புக்கு இழுப்பதுண்டு. தந்தையும் சிவாஜி கட்சித் தூணும் மறைந்துவிட்டனர்; முன்னவர் போனபோது பின்னவர் வெள்ளைச் சட்டை அணிந்து வந்து நின்றார். அலிகேட்ஸ் குழுவின் லோகநாதனும் 2007-இல் மறைந்தார். ஒலிநாடாவை ஓட்டுவதற்குக் கருவி இல்லை. நாடா மட்டும் இருக்கிறது. அது ஆண்டுக்கொரு முறை ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு இரவலாகப் போய்வருகிறது.

நண்பர்களின் பிள்ளைகள் கைப்பேசியில் கொரிய நாட்டுக் குழுக்களைக் கேட்டுக் கட்சி பிரிந்து நிற்கின்றனர். ‘இதெல்லாம் ஒரு பாட்டா’ என்று தந்தையர் இருவரும் ஒரே குரலில் கூறுகின்றனர். பிள்ளைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. கீழ்த்தளத்து மாமாக் கடையில், பலகைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்து, ஒருவரையொருவர் மடக்கிப் பேசுகின்றனர். குரல் உயர்கிறது, மேசை தட்டப்படுகிறது. மேல்மாடியிலிருந்து எவரோ ‘சத்தம் போடாதீர்கள்’ என்று அதட்டுகிறார்.

கீழே அமர்ந்திருக்கும் நடுவயதுக்காரர் இருவரும் பிள்ளைகளை அடக்கவில்லை. அந்த ஓசை இல்லாதிருந்த மாலைகளை அவர்கள் அறிவர்.